பிரிவு 11

ஒழுக்கக் கோவையைத் தமிழில் தட்டெழுதும் வேலை
வைகாசியில் என் மேசைக்கு வந்தது.
மாணவருக்கு இருபத்திரண்டு பக்கம்.
ஆளணிக்கு மூன்றரை.
வித்தியாசம் ஏனென்று நான் கேட்கவில்லை;
கேட்பது என் பதவித்தரத்தில் இல்லை.

செருப்பின்றி ஆய்வுகூடத்துள் நுழையக் கூடாது.
பகிடிவதை கூடாது: புதியவரை
முழங்காலில் நிறுத்தக் கூடாது,
பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது,
அவர் காசில் ரோல்ஸ் தின்னக் கூடாது.
பாமினியில் 'கூ' இருக்கும் விசை
இரண்டு கிழமையில் வழுவழுத்துப் போனது.

வேலியோரம் மண்டையோட்டுப் பலகை பிடுங்கிய குழிகளில்
இப்போது வேம்பு நட்டிருக்கிறார்கள்.
அதற்கும் விதி உண்டு.
கிளை ஒடிக்கக் கூடாது.

பதினொன்றாம் பிரிவில் கை நின்றது.
ஆங்கிலத்தில் ஒரே வரி. நான் எழுதினேன்:
மௌனம் சம்மதம் அல்ல.
திருப்பி வாசித்தேன்.
என்னைப் பெண் பார்க்க வந்த அன்று
கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு
இதே வரியைச் சொல்லித்தான் அப்பா
வந்தவர்களுக்கு இரண்டாந்தரம் தேத்தண்ணி ஊற்றினார்.

பேராசிரியர் அம்பலவாணர்
ஓரத்தில் சிவப்புக் கேள்விக்குறி போட்டிருந்தார்.
"இது தமிழாய் இல்லையே, பிள்ளை."
சரிதான் சேர்,
தமிழில் இது இன்னும் வரவில்லை
என்று சொல்ல வாயெடுத்து
பக்க எண்ணைச் சரிபார்த்தேன்.
வரி தப்பியது. எப்படியென்று தெரியாது.
கடைசி நாள் என்பதாலாக இருக்கலாம்.

ஆடியில் விசாரணை.
சோளகம் செம்மண்ணை யன்னலால் கொட்டிக்கொண்டிருந்தது.
முறைப்பாட்டாளர் ஹன்சமாலி, இரண்டாம் வருடம்,
ஊர் மொனராகலை, இரண்டு பஸ், ஓர் இரவு.
எதிராளி கலாநிதி பரஞ்சோதி:
புள்ளிகளைப் பூட்டி வைத்திருப்பவர்,
பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, ஆறு மணிக்குமேல்
ஒருத்திக்கு மட்டும் திருத்தம் சொல்பவர்,
ஏழாம் திருவிழா உபயகாரர்.
மொழிபெயர்ப்பாளர் லீவு.
என் சிங்களம் சந்தையில் மீன் வாங்கப் போதும்.

"அவர் உம்மை வற்புறுத்தினவரோ?"
கேட்டது தலைவர் அம்பலவாணர்.
வற்புறுத்தலுக்குச் சிங்களம் எனக்குத் தெரியாது.
பலாத்காரம் என்றேன்,
இரண்டு பாஷைக்கும் பொதுவாய்க் கிடந்த சொல்.
கேட்ட கேள்வியைவிடப் பாரமானது.
அது மேசையில் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

தலைவர் என் பக்கம் திரும்பினார்.
"முறைப்பாட்டை வலியுறுத்தவில்லை எண்டு போடுங்கோ."
மாலுபணிசும் நெக்டோவும் வந்தன.

கூட்டக் குறிப்பு எழுதுவது என் பதவித்தரம்.
எழுதினேன்.

10.42 கேள்வி கேட்கப்பட்டது.
மொழிபெயர்த்தவர் தகுதியற்றவர்.
10.43 முறைப்பாட்டாளர் மேசை விளிம்பைப் பிடித்தார்.
10.44 கரண்ட் நின்றது.
10.46 வெளியே மயில் கத்தியது. கலாநிதி சிரித்தார்.
வேறு எவரும் சிரிக்கவில்லை.
10.49 முறைப்பாட்டாளர் இன்னும் மேசையைப் பிடித்திருக்கிறார்.
பார்க்க: பிரிவு 11.

கையெழுத்துக்கு வைத்தேன்.
தலைவர் கடைசி வரிவரை வாசித்தார்.
பேனா மூடியைக் கழற்றினார். திரும்பப் போட்டார்.
"இந்த நேரமெல்லாம் என்னத்துக்கு, யோகமலர்?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அதை அவர் என்னவென்று எடுத்தாரோ.

நாலரை பஸ்ஸில் ஹன்சமாலி
எனக்கு யன்னல் பக்கம் விட்டாள்.
முறிகண்டியில் பத்து நிமிடம் நிற்கும்.
இறங்கிக் கச்சான் வாங்கினேன், ஒரு சுருள்.
கோதை அவள் உடைத்தாள், ஊதியது நான்.
மாங்குளம்வரை அவ்வளவுதான் பேச்சு.

கோப்பு அவர் மேசையில் இருக்கிறது, இன்னும் ஒப்பமின்றி.
ஒரு பிரதி என் கைப்பையில்.
அதுவும் கூடாதுதான்.
எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியும்:
அந்த மூன்றரைக்குள், கடைசி அரையில்.